பாம்பு காட்டுகிறவனின் வலப்பக்கம்

பாம்பைக் கண்டு ஓடுகிறவனைப் பார்த்து ஊர் பரிதாபப்படும்; பாம்பைக் காணவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மனிதர்களை மலையேற்றி இறக்குகிறவனைப் பார்த்து யாரும் ஐயோ பாவம் என்று சொல்வதில்லை. மலேசியாவின் கேமரன் மலையில் நான் செய்வது அந்த வேலைதான். முன்பு தோட்டத்து லாரி ஓட்டினேன். இப்போது பழைய ஜீப் ஒன்றில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்துக்குப் போய், விரியன், ஓணான், கொம்புத் தவளை என்று என்ன கிடைக்கிறதோ அதைக் காட்டுகிறேன். பிரிஞ்சாங் டவுனில் இருக்கும் சீன முதலாளி, அவரைத் தவுக்கே என்போம், ஆள் பிடித்து அனுப்புவார். மழை பெய்தாலும் மூடுபனி இறங்கினாலும் பாம்பு வெளியே வராவிட்டாலும் குற்றம் என்னுடையது.

வாடிக்கையாளரின் முகம் பார்த்துச் சோறு தின்கிற சக பாவிகளே, உங்களுக்கு இதெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கீழே சொல்லப்போகிற சில விஷயங்கள் உங்கள் தொழிலில் நடந்திருக்காது. நடந்திருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். எனக்குத் துணை வேண்டும்.

கேட்டுக்கொண்டிருந்தது

கிள்ளானிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு கேமரா, ஒவ்வொன்றும் கைக்குழந்தை அளவு. காலை ஒன்பது மணி இருக்கும். பனி இன்னும் விலகவில்லை. காட்டோரத்தில் நிறுத்தி வைத்து வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தேன். பச்சை விரியன் ஓடி ஆடுகிற ஜாதி இல்லை, ஒரே கிளையில் நாலைந்து நாள்கூடச் சுருண்டு கிடக்கும், அதைக் கண்டுபிடிக்கக் கால் வேண்டாம், கண் வேண்டும், என் கண்ணில் படாமல் இந்தப் பாதையில் ஒரு புழுகூடத் தப்பாது என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். கடைசியில், இன்றைக்கு இந்த இடத்தில் ஒன்றும் இல்லை, மேலே போகலாம் என்றேன்.

இருவரும் நகரவில்லை. கேமராவையும் தூக்கவில்லை. என் வலது தோளையே பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நின்றார்கள். பிறகு ஒருவன் மிக மெதுவாக, உதடு அசையாமல் சொன்னான்:

"அண்ணே, ஆடாதீங்க. அது உங்க காதுகிட்டதான் இருக்கு. இவ்ளோ நேரம் நீங்க பேசினத கேட்டுக்கிட்டே இருந்திச்சு லா."

டாக்டர் சொன்னது

ஒரு சாண் தூரத்தில் இருந்த பாம்பு எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. யாரிடமும் சொல்லாமல் ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனேன். தேவியிடம், அதாவது என் மனைவியிடம், ஜீப்புக்கு டயர் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொன்னேன். தேவி, நான் முன்பு லாரி ஓட்டிய அதே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வேலை செய்கிறவள். அவளுக்குத் தெரிந்தால் தோட்டத்துக்கே தெரியும், தோட்டத்துக்குத் தெரிந்தால் தவுக்கேக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும். என் கணக்கு அவ்வளவுதான்.

டாக்டர் நம் தமிழ்ப் பிள்ளை, சின்ன வயதுப் பெண். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி வலக்கண்ணின் ஓரப் பார்வை போய்விட்டது, இடக்கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றது. ஆனால் எனக்கு எங்கேயும் இருட்டாகத் தெரியவில்லையே என்று வாதாடினேன். அது இருட்டாகத் தெரியாதாம். பார்வை போன இடத்தில் மூளை பக்கத்திலிருக்கும் இலையையும் பச்சையையும் எடுத்து ஒட்டுப்போட்டு நிரப்பிவிடுமாம். காட்டில் நான் பார்க்கிற இலைகளில் எது காட்டினுடையது, எது என்னுடையது?

"அப்படின்னா இல்லாத ஆள், இல்லாத உருவம் எல்லாம் தெரியுமாம்மா?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டே சொன்னது:

"இல்ல, அங்கிள். உங்க கண்ணு இல்லாதத காட்டாது. இருக்கறத மறைக்கும், அவ்வளவுதான்."

காட்டுக்குள் ஒரு துணி

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கொழுந்து வெட்டுகிறவர்கள் தேயிலை நிரைக்குள் இறங்குமுன் குச்சியால் செடியைத் தட்டுவார்கள். ஒரு செடியில் பாம்போ குளவிக்கூடோ இருந்தால் அதன் தலையில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவார்கள். துணி கட்டிய செடியை யாரும் தொடமாட்டார்கள். ஆபத்து போய்விட்டது என்று தெரிந்த பிறகு, கட்டியவர்தான் வந்து அவிழ்க்க வேண்டும். வேறு கை படக்கூடாது. பங்களாதேஷிலிருந்து நேற்று வந்த ஆளுக்குக்கூட முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து இரண்டு வாரம் இருக்கும். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தம்பதியோடு காட்டுப் பாதையில் போய்க்கொண்டிருந்தேன். மனதுக்குள் ஒரே பிரார்த்தனை, இன்றைக்கு எப்படியாவது ஒன்று என் கண்ணில் படவேண்டும். தேயிலையைத் தாண்டிக் காட்டுக்குள் நூறடி போயிருப்போம். பாதைக்கு நேர் எதிரே, கண் உயரத்தில், ஒரு கிளையில் மஞ்சள் துணி. ஈரமில்லாத, புதுசாகக் கட்டிய துணி. அதற்கு இரண்டு முழம் கீழே விரியன் சுருண்டு கிடந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் இன்னொரு துணி. அதற்குக் கீழேயும் ஒன்று. அன்றைக்கு மூன்று துணி, மூன்று பாம்பு. அந்தத் தம்பதிக்கு ஏக மகிழ்ச்சி. எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கம் தேயிலை கிடையாது, வெட்ட எதுவும் கிடையாது.

திரும்பும் வழியில் எங்கள் டிவிஷன் கங்காணி முனுசாமி அண்ணனைப் பார்த்து, உங்கள் ஆட்கள் யாராவது காட்டுக்குள் துணி கட்டினார்களா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் எதையோ பார்த்தார்.

"காட்டுக்குள்ள போயி துணி கட்ட நம்ம ஆளுங்களுக்கு என்னப்பா வேலை?" என்றார். "ஆனா கட்டியிருந்தா, நீ தொடாத."

ஆறாவது கோப்பை

கோயம்புத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற நான்கு பேர், இரண்டு ஜோடி. இனிமையான மனிதர்கள், ஆளுக்கு இரண்டு முழங்கால் வலி. மேலே போய்ப் பாறையில் உட்கார்ந்தோம். பனி கீழிருந்து ஏறி வந்து தேயிலையை முழுசாக மூடிவிட்டது. தூரத்தில் சியாமாங் குரங்குகள் ஊளையிட்டுக்கொண்டிருந்தன. பழகாதவர்களுக்கு அந்தச் சத்தம் யாரோ சாவு வீட்டில் அழுவது போல இருக்கும். சட்டென்று நின்றுவிட்டது. நான் பிளாஸ்க்கைத் திறந்து அவர்களுக்கு நாலு, எனக்கு ஒன்று என்று ஐந்து கோப்பையில் டீ ஊற்றினேன்.

அவர்களில் ஒரு அம்மாள் கோப்பையை வாங்காமல் என் வலப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்களுக்கும் ஊத்துங்க, பாவம் நனைஞ்சு நிக்கிறாங்க" என்றார். யாருக்கு என்றேன். "உங்க கூட வர்றாங்களே, மழைக்கோட்டு போட்ட அம்மா. அடிவாரத்துல இருந்து பின்னாலயேதான வந்தாங்க" என்றார். மற்ற மூவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்தேன். பனி. பாறை. ஈரப் புல் மட்டும் ஒரு இடத்தில் அமுங்கி, மெதுவாக நிமிர்ந்துகொண்டிருந்தது.

டாக்டர் பிள்ளை சொன்னது ஞாபகம் வந்தது. என் கண் இல்லாததைக் காட்டாது, இருப்பதைத்தான் மறைக்கும். தைரியம் சொல்வதற்காகச் சொன்ன வார்த்தை, அந்த இடத்தில் என் முதுகுத்தண்டில் ஏறியது. சிரித்துக்கொண்டே, பனியில் இப்படித்தான் தோன்றும் என்று சமாளித்தேன். கோயம்புத்தூர் அம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை.

"தோணுறதாவது! இப்பத்தானுங்க உங்க தோளத் தொடப் போனாங்க" என்றார்.

வழிவிட்ட தோட்டம்

அதற்கப்புறம் தோட்டமே மாறிப்போனது. நான் வரும்போது கொழுந்து வெட்டும் மிஷினை நிறுத்திவிட்டு இரண்டு முனையிலும் பிடித்திருப்பவர்கள் அப்படியே நின்றார்கள். மருந்தடிக்கிறவர்கள் குழாயைத் தாழ்த்திவிட்டு ஓரமாக ஒதுங்கினார்கள். கோலா தெர்லா பக்கம் கோஸ் ஏற்றிப் போகும் லாரிகள், பிறந்ததிலிருந்து பிரேக்கே மிதிக்காத லாரிகள், நான் ரோட்டோரம் நடந்தால் ஊர்ந்து போயின. யாரும் கிண்டல் செய்யவில்லை. "என்னப்பா பாம்பு மச்சான்" என்று கூப்பிட்டவனெல்லாம் இப்போது, "போங்க அண்ணே" என்றான். நான் தாண்டிப் போன பிறகும் எல்லாருடைய பார்வையும் என் முதுகிலேயே இருந்தது. பிணம் போகும்போது நாம் இப்படித்தான் ஒதுங்கி நிற்போம்.

எனக்குப் பின்னால் வருவதை அவர்களும் பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைப்பது? ஒரு நாள் பொறுக்கமுடியாமல், மிஷினோடு நின்ற நேப்பாளக்காரன் ஒருவனிடம் மலாயில் கேட்டேன், என் பின்னால் என்ன இருக்கிறது என்று. அவன் தொப்பியைக் கழற்றினான். மெதுவாக நட அண்ணே என்று மட்டும் மலாயில் சொன்னான்:

"ஜாலான் பெலான்-பெலான், பாங்."

பாசிக்காடு

பினாங்கிலிருந்து கலா என்று ஒரு நர்ஸ், அவருடைய சீனக் கணவர். உச்சியில் இருக்கும் பாசிக்காட்டைப் பார்க்கவேண்டும் என்றார்கள். அங்கே மரம், கல், வேர் எல்லாவற்றுக்கும் பாசி போர்த்தியிருக்கும். நடுப்பகலிலும் வெளிச்சம் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது போல இருக்கும். நம் குரலே நமக்குக் கேட்காது, பாசி குடித்துவிடும். மஞ்சள் துணி அங்கே ஒன்றுகூட இல்லை. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். நான் திரும்பவில்லை. பாம்பு மச்சானுக்கு மானம் பெரிசு.

ஒரு செங்குத்தான இடம். நான் முன்னால், எனக்குப் பின்னால் கலா, கடைசியில் கணவர். கலாவுக்குக் கால் வழுக்கியது. நான் வலப்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "அந்த வேரப் புடிச்சுக்குங்க, ஒண்ணுமில்ல" என்றேன். எனக்கு அங்கே பாசிதான் தெரிந்தது. நல்ல பச்சைப் பாசி. அவர் கையை நீட்டினார். அப்போது, "கைய எடு!" என்று ஒரு குரல் கேட்டது. கரகரத்த குரல், ஆணா பெண்ணா என்று சொல்லமுடியாது. கலா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அவர் பிடிக்கவிருந்த இடத்தில் பழுப்பு மலை விரியன் ஒன்று தலையைத் தூக்கியது.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், நான் உட்கார்ந்தது பாம்புக்குப் பயந்து அல்ல. ஒன்றுமில்லை என்று சொன்ன வாய் என்னுடையது. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் எந்த முகத்தோடு மலையிலிருந்து இறங்கியிருப்பேன்? கொஞ்ச நேரம் கழித்து, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல வேளை நீங்கள் பார்த்துச் சத்தம் போட்டீர்கள் என்று நன்றி சொன்னேன். அவர் ஒன்றும் புரியாமல் மனைவியைப் பார்த்தார். கலா வெளுத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"சத்தம் போட்டது நீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார். "இவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, அண்ணே."

பையின் அடியில்

அன்று மத்தியானம் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தபோது தேவி குழாயடியில் பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கண், ஈப்போ, டயர் பொய், கலாவின் கை எல்லாம். அவள் கழுவுவதை நிறுத்தவில்லை.

"சொட்டு மருந்த ஜீப்புல ஒளிச்சு வெச்சா எனக்குத் தெரியாதா? டீய டம்ளருக்கு வெளிய ஊத்தினீங்களே, அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். நீங்க சொல்லல. அதான் நானே தோட்டத்துக்குச் சொல்லிட்டேன்."

எழுந்து வந்து என் முதுகுப் பையை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினாள். பையின் அடியில் இருக்கும் வாரில் ஒரு மஞ்சள் துணி கட்டியிருந்தது. பையை மாட்டினால் எனக்குத் தெரியாது, கீழே வைத்தால் அடியில் போய்விடும். தினமும் பிளாஸ்க் வைத்துப் பையை என் தோளில் மாட்டிவிடுகிறவள் அவள்தான். அத்தனை நாளும் நான் அந்தத் துணியோடு தோட்டம் பூராவும் நடந்திருக்கிறேன். மிஷின்காரன், மருந்தடிக்கிறவன், லாரிக்காரன், எல்லாருக்கும் தெரியும். இந்த ஆளுக்குப் பக்கத்தில் கவனமாக இரு. கட்டியவர் வந்து அவிழ்க்கும்வரை விட்டுவிடு.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. குளவிக்கூட்டுக்குக் கட்டுகிற துணியைப் புருஷனுக்குக் கட்டுவார்களா? பிறகு, ஒருவன்கூட என்னிடம் கேட்காமல், தவுக்கேயிடமும் போய்ச் சொல்லாமல், இத்தனை வாரம் வழிவிட்டு நின்றார்களே என்று நினைத்தேன். அழுதுவிட்டேன். குழாயடியில் நாலு பேர் பார்க்க அழுதேன். காட்டுக்குள் துணி கட்டியதும் அவள்தான். விடிந்ததும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகும் முன்னால், நான் போகிற பாதையில் நடந்து, பாம்பு கிடந்த இடத்திலெல்லாம் கட்டியிருக்கிறாள். கொழுந்து பார்த்துப் பழகிய கண்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். "அப்ப மழைக்கோட்டு போட்டுக்கிட்டு என் பின்னாலயே வந்ததும் நீதானா? பாசிக்காட்டுல கத்தினதும்?"

தேவி பூட்ஸைக் கீழே வைத்தாள்.

"பெரட்டுல பேர் கொடுத்துட்டு நான் எப்படிங்க வர்றது? கணக்கெழுதுற கிராணி சும்மா விடுவாரா?" என்றாள். "பாசிக்காட்ட நான் கண்ணால பார்த்ததுகூட இல்ல. நீங்க என்னைக்கு என்னை அங்க கூட்டிட்டுப் போனீங்க?"

முன்னால் போகிறவள்

மறுநாளே தவுக்கேயிடம் உண்மையைச் சொன்னேன். வெகுநேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, "ரெண்டு பேரும் வாங்க லா, அவங்களுக்குக் கண்ணு, உனக்கு வாய்" என்றார். இப்போது தேவி தோட்ட வேலையை விட்டுவிட்டு என்னோடு வருகிறாள். கையில் குச்சியோடு அவள் முன்னால், நடுவில் வாடிக்கையாளர்கள், பேசிக்கொண்டே நான் கடைசியில். ஜீப்பை அவள் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள், என்னைவிட மோசமாகத்தான் ஓட்டுகிறாள். என் பையிலிருக்கும் துணியை மட்டும் அவிழ்க்கமாட்டேன் என்கிறாள். ஆபத்து இன்னும் போகவில்லையாம்.

போன வாரம் சிரம்பானிலிருந்து ஒரு ரிட்டையர்டு வாத்தியார் தனியாக வந்திருந்தார். இரண்டு விரியன், ஒரு கொம்புத் தவளை, அவருக்கு நல்ல திருப்தி. இறங்கும்போது பனி மூடிக்கொண்டது. அவர் நின்று என் பக்கம் திரும்பி, மரியாதையாகக் கேட்டார்: "முன்னால போறது உங்க வீட்டுக்காரம்மான்னு சொன்னீங்க, சரி. பின்னால மழைக்கோட்டோட வர்றவங்களும் உங்க ஆளுங்கதானா?"

தேவி திரும்பினாள். என் தோளைத் தாண்டிப் பின்னால் பார்த்தாள். தோட்டத்திலேயே நல்ல கண் அவளுடையது. பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, யாருக்கோ வணக்கம் சொல்வது போல லேசாகத் தலையை ஆட்டிவிட்டு, குச்சியை எடுத்துக்கொண்டு முன்னால் திரும்பினாள்.

"நடங்க," என்றாள். "நீங்க திரும்ப வேணாம்."

ஓரப் பார்வை போனவனுக்கு இந்தத் தொழிலில் கிடைக்கிற ஒரே சலுகை, சக பாவிகளே, திரும்பிப் பார்க்காமல் நடந்தால் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்வதில்லை, பாவம் கண் தெரியாது என்றுதான் சொல்கிறார்கள்.